மொட்டைத் தலையில் பூ வைக்க முடியாது

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் தை மாதக் கூட்டத்தில், மொட்டைமாடியில், 'பி' பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடிய மட்டும் அப்படியே விடப்பட்டிருக்கிறது. கேள்வி-பதில் பகுதி சுருக்கப்பட்டுள்ளது.)



செயலாளர் சார் எனக்கு இருபது நிமிஷம் கொடுத்திருக்கிறார். அஜெண்டாவில் என் பேச்சுக்குத் 'தோட்டப் பராமரிப்பு' என்று தலைப்பு. அதற்கு அடுத்த விஷயம் என்ன என்று உங்களுக்கெல்லாம் தெரியும். காம்பவுண்டு ஓரத்தில் இருக்கிற நாற்பது அடி இட்லிப்பூ வேலியை எடுத்துவிட்டு, பேவர் பிளாக் போட்டு, டூ வீலர் நிறுத்த இடம் செய்வதா என்ற தீர்மானம். அதற்குச் சொல்லப்படும் காரணம், "மூன்று வருஷமாக ஒரு பூ இல்லை, வெறும் தழைதான்" என்பது. காரணம் உண்மைதான். நானும் மறுக்கவில்லை.

ஆனால் ஏன் பூக்கவில்லை என்று நீங்கள் தெரிந்துகொண்டு கை தூக்க வேண்டும். அதற்காகத்தான் முன்னாலேயே பேச நேரம் கேட்டேன்.

நான் தோட்டக்கலை படித்தவன் இல்லை. மின்சாரத் துறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவன். கம்பியில் படுகிற கிளையை வெட்டச் சொல்லியே சம்பளம் வாங்கினவன். செடியை எப்படி வெட்டுவது என்று ஓய்வு பெற்ற பிறகுதான் கற்றுக்கொண்டேன். அதுவும் ஒரு செடியைக் கொன்ற பிறகு. அந்தக் கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஊட்டியிலிருந்து வந்த விருந்தாளி

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஐப்பசி மாதம் குடும்பத்தோடு ஊட்டி போயிருந்தோம். அங்கே வீட்டு வாசல், சாலை ஓரம், தேயிலைத் தோட்டத்து வேலி எங்கே பார்த்தாலும் நீல நிறத்தில் பந்து பந்தாக ஒரு பூ. ஹைட்ரேஞ்சியா என்று பெயர் சொன்னார்கள். 'ஹைட்ரோ' என்றால் கிரேக்க மொழியில் தண்ணீர். பெயரிலேயே தண்ணீரை வைத்துக்கொண்டிருக்கிற செடி. வீட்டு அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நர்சரியில் ஒரு தொட்டி வாங்கி, காரில் மடியில் வைத்துக்கொண்டு வந்தோம்.

கார்த்திகை, மார்கழி நன்றாகத்தான் இருந்தது. நமக்கும் அப்போது குளிர்காலம் அல்லவா. மாசியில் சின்னதாக ஒரு கொத்து விட்டது. ஆனால் நீலமாக இல்லை, வெளிறின ரோஸ் நிறம். நர்சரிக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைத்தேன். பங்குனியில் மதியமானால் இலையெல்லாம் தொங்கும், சாயங்காலம் தண்ணீர் ஊற்றினால் நிமிரும். சித்திரையில் ஊற்றினாலும் நிமிரவில்லை. அக்னி நட்சத்திரம் தொடங்கும் முன்பே முடிந்துவிட்டது.

பிறகுதான் தேடிப் படித்தேன். நர்சரிக்காரர் ஏமாற்றவில்லை. மாறினது மண்ணும் தண்ணீரும். ஹைட்ரேஞ்சியா ஜப்பான் பக்கத்துச் செடி. குளிர்ச்சி வேண்டும், ஈரம் வேண்டும், புளிப்புத் தன்மை உள்ள மண் வேண்டும். அமில மண்ணில்தான் அலுமினியம் கரைந்து வேருக்குள் போகும். அது போனால்தான் பூ நீலமாகும். சுண்ணாம்புச் சத்து அதிகமான மண்ணிலும் தண்ணீரிலும் அதே செடி ரோஸ் நிறத்தில் பூக்கும். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். 1848-இல் மெக்ஐவர் என்ற தோட்டக்கலைக்காரர் அங்கே தாவரவியல் பூங்காவை உருவாக்க ஆரம்பித்ததே, சீமைச் செடிகளுக்கு ஏற்ற குளிர் அங்கே இருந்ததால்தான். நமக்கோ கோடையில் 40 டிகிரி தாண்டுகிறது. பாறை மலை வேறு, பகலெல்லாம் வாங்கின சூட்டை ராத்திரியெல்லாம் திருப்பிக் கொடுக்கிறது. போர் தண்ணீர் எப்படி என்று உங்கள் வீட்டுக் குழாயில் படிகிற வெள்ளைப் படலமே சொல்லும்.

அதனால் ஊட்டியிலிருந்து யாராவது ஹைட்ரேஞ்சியா வாங்கி வரலாமா என்று கேட்டால் என் பதில் இது: அங்கே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், தொட்டியை மட்டும் தூக்கி வராதீர்கள்.

ஆனால் அந்தச் செடி செத்தாலும் எனக்கு இரண்டு பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனது. ஒன்று, மண். இன்னொன்று, கவாத்து.

பழைய கிளையா, புதுக் கிளையா?

ஹைட்ரேஞ்சியாவைப் பற்றிப் படிக்கும்போது எல்லாரும் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதைப் பார்த்தேன். வெட்டுவதற்கு முன்னால், உன் செடி பழைய கிளையில் பூப்பதா, புதுக் கிளையில் பூப்பதா என்று தெரிந்துகொள் என்பதுதான் அது. ஊட்டியில் பார்க்கிற பந்துப் பூ ரகங்கள் பெரும்பாலும் போன வருஷத்துக் கிளையிலேயே மொட்டைத் தயார் செய்து வைத்துக்கொள்ளும். தெரியாமல் குளிர்கால முடிவில் மட்டமாக வெட்டினால், அந்த வருஷப் பூவையே வெட்டிவிட்டோம் என்று அர்த்தம். வேறு சில ரகங்கள் அந்த வருஷம் விடுகிற புதுத் தளிரில் பூக்கும். அவற்றைத் தைரியமாக வெட்டலாம்.

இதைப் படித்த அன்று கீழே இறங்கிப் போய் நம் வேலியைப் பார்த்தேன். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இட்லிப்பூவும் பந்து மாதிரி கொத்தாகப் பூப்பதுதான். வெட்சி என்று தமிழில் பழைய பெயர். ஆநிரை கவரப் போகிற வீரர்கள் சூடின பூ என்பதால் அந்தத் திணைக்கே வெட்சித்திணை என்று பெயர். தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான செடி. யாரும் ஊட்டியிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவரத் தேவையில்லை. அது புதுத் தளிரில்தான் பூக்கும், ஆகவே வெட்டலாம். ஆனால் எந்த இடத்தில் பூக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு கிளையின் நுனியில். பக்கத்தில் இல்லை, நடுவில் இல்லை, நுனியில் மட்டும். ஒரு நுனிக்கு ஒரு கொத்து.

இப்போது யோசியுங்கள். மாதம் ஒரு தடவை மெஷினைக் கொண்டுவந்து, அந்த நுனியையெல்லாம் நூல் பிடித்த மாதிரி சீவிவிட்டால் எங்கேயிருந்து பூ வரும்?

அந்த மெஷினைக் கொண்டுவந்தது யார்? நான்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் கமிட்டியில் தோட்டப் பொறுப்பு என்னிடம் இருந்தது. வேலி சுவர் மாதிரி மட்டமாக இருக்க வேண்டும், பார்க்க ஹோட்டல் மாதிரி இருக்க வேண்டும் என்று, மாதாந்திர ட்ரிம்மிங் ஒப்பந்தத்தைப் போடச் சொன்னவன் நான். அதற்கு முன்னால் நம் தோட்டத்து அம்மாதான் கைக் கத்தரியால் வருஷத்துக்கு இரண்டு தடவை வெட்டுவார். மெஷின் வந்த மூன்றாவது மாதமே அந்த அம்மா என்னிடம் சொன்னார்: "ஐயா, மொட்டைத் தலையில பூ வைக்க முடியுமா?" கோயில் ஊர்க்காரர் அல்லவா, உவமை அப்படித்தான் வரும். நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

போன கூட்டத்தில் பூ வரவில்லை என்ற பேச்சு வந்தபோது, "அந்த அம்மா சரியாகத் தண்ணீர் விடுவதில்லை, உரம் வைப்பதில்லை" என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். அதை வைத்து அவர் வேலையை அரை நாளாகக் குறைத்தோம். சம்பளமும் குறைந்தது. நான் அந்தக் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பாதி சந்தேகம் இருந்தது. வாயைத் திறக்கவில்லை. இன்றைக்குத் திறக்கிறேன். பூக்காததற்குக் காரணம் அவர் இல்லை. நான் கொண்டுவந்த மெஷின்.

பத்தடி சோதனை

வாயால் சொன்னால் போதாது என்று, போன ஆடியில் செயலாளரிடம் அனுமதி வாங்கி, பம்ப் ரூம் பக்கம் பத்தடி வேலியை மட்டும் ட்ரிம்மிங்கிலிருந்து விலக்கி வைத்தேன். அந்த அம்மாவும் நானும் சேர்ந்து மூன்று காரியம் செய்தோம்.

முதலில், உள்ளே காய்ந்து போயிருந்த குச்சிகளை அடியோடு எடுத்தோம். மெஷினால் மேலே மட்டும் சீவினால் என்ன ஆகிறது தெரியுமா? மேலே ஒரு கூரை மாதிரி தழை அடர்ந்துவிடுகிறது. உள்ளே வெயில் போவதில்லை. உள்ளேயெல்லாம் வெறும் குச்சி. அந்தக் கூரையைப் பிரித்தோம்.

இரண்டாவது, கடப்பாரையால் வேரைச் சுற்றி மெதுவாகக் கிளறினோம். அங்கே மண்ணை விட சிமெண்ட்டுக் கட்டியும் செங்கல் ஜல்லியும்தான் அதிகம். கட்டடம் கட்டின காலத்து மிச்சம். சிமெண்ட் என்றால் சுண்ணாம்பு. இட்லிப்பூவுக்கும் ஹைட்ரேஞ்சியா மாதிரியே புளிப்பு மண்தான் பிடிக்கும். சுண்ணாம்பு மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் எடுத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் நம் வேலியில் புதுத் தளிர் மஞ்சளாகவும் நரம்பு மட்டும் பச்சையாகவும் இருக்கிறது. அது தண்ணீர்ப் பஞ்சமும் இல்லை, பூச்சியும் இல்லை. இரும்புச் சோகை.

கட்டிகளைப் பொறுக்கிவிட்டு, செம்மண், மக்கின தொழு உரம், கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கு போட்டோம். மேலே காய்ந்த சருகை மூடாக்காகப் பரப்பினோம். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் கிடைக்கும், அதுதான் இரும்பு சல்பேட். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் வீதம் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளித்தோம். பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் மூன்று தடவை. டைல்ஸில் பட்டால் துருக்கறை போகாது, அதையும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுப் பால்கனியில் பட்டது, இன்னும் இருக்கிறது.

மூன்றாவது, தண்ணீர். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறுகிற தண்ணீரை வீணாக்க வேண்டாமே என்று செடிக்கு விட்டுக்கொண்டிருந்தோம். எண்ணம் நல்லதுதான். ஆனால் நம் போர் தண்ணீரில் இருக்கிற உப்பெல்லாம் அதில்தான் இன்னும் கெட்டியாக வருகிறது. அதைத் தரை கழுவ, பாத்ரூமுக்குப் பயன்படுத்துங்கள். அதற்குப் பதில் ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பிடியுங்கள். காற்றிலிருந்து குளிர்ந்து வருகிற தண்ணீர், உப்பு கிட்டத்தட்டக் கிடையாது. குடிக்கக் கூடாது, ஆனால் இட்லிப்பூவுக்கு மழைத் தண்ணீருக்கு அடுத்தது அதுதான். கோடையில் ஒரு ஏ.சி.க்கு ஒரு ராத்திரியில் ஒரு பக்கெட் நிறைகிறது. நம் 'பி' பிளாக்கில் நான்கு வீட்டார் இப்போதே பிடித்து வைக்கிறார்கள்.

இவ்வளவுதான் செய்தோம். தீபத்துக்கு முதல் வாரம் அந்தப் பத்தடியில் எண்ணிப் பார்த்தேன், பதினேழு கொத்து. மிச்சம் முப்பதடியில் ஒன்று கூட இல்லை. கூட்டம் முடிந்து கீழே போகும்போது டார்ச் அடித்துப் பாருங்கள். சிலது வாடியிருக்கும், இரண்டு மூன்று இன்னும் சிவப்பாக இருக்கும்.

எப்படி வெட்டுவது

வீட்டில் தொட்டிச் செடி வைத்திருப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

செடியின் நுனிக்கு ஒரு குணம். தான் இருக்கிற வரைக்கும் கீழே இருக்கிற கணுக்களை வளர விடாது. ஆக்சின் என்கிற ஒரு பொருளை மேலிருந்து கீழே அனுப்பிக்கொண்டே இருக்கும். நுனியைக் கிள்ளினால் அந்தத் தடை போய்விடும். கீழே இருக்கிற இரண்டு மூன்று கணு விழித்துக்கொள்ளும். ஒரு நுனி போய் மூன்று நுனி வரும். இட்லிப்பூ கணக்கில் மூன்று கொத்து. ஆனால் அந்த மூன்றும் வளர்ந்து முற்றி மொட்டு விட சில மாதம் வேண்டும். அதற்குள் திரும்பவும் வெட்டினால் கணக்கு முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஆகவே ஒரு தடவை நன்றாக வெட்டு, பிறகு கையைக் கட்டிக்கொண்டு இரு. கவாத்தின் ரகசியம் பாதிக்கு மேல் அந்தச் சும்மா இருப்பதில்தான் இருக்கிறது.

வெட்டும் வரிசை இது. முதலில் காய்ந்தது. அடுத்து நோய் பட்டது. அடுத்து ஒன்றோடு ஒன்று உரசுகிற கிளை. இவ்வளவும் எடுத்த பிறகு எட்டி நின்று பாருங்கள். அதற்கு மேல் வெட்டத் தேவையே இல்லாமல் போகலாம். எப்போதும் ஒரே நாளில் செடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். ரொம்பக் கிழடான புதராக இருந்தால், முதல் வருஷம் மூன்றில் ஒரு பங்குத் தண்டுகளை அடியோடு எடுங்கள், அடுத்த வருஷம் இன்னொரு பங்கு, மூன்றாம் வருஷம் மிச்சம். மூன்று வருஷத்தில் செடி முழுக்கப் புதிதாகிவிடும், ஒரு வருஷம் கூட வெறிச்சென்று இருக்காது.

கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, லேசாகச் சாய்வாக வெட்டுங்கள். கணு வெளிப்பக்கம் பார்ப்பதாக இருக்கட்டும். புதுக் கிளை வெளியே போகும், உள்ளே நெரிசல் வராது. கத்தரி கூர்மையாக இருக்க வேண்டும். ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். நாவிதர் கத்தியைத் துடைக்காவிட்டால் நாம் உட்காருவோமா?

நம் வளாகத்து நாட்காட்டி

குண்டுமல்லி: கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்வது நவம்பர் கடைசி வாரம், தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டச் சொல்கிறார்கள். நமக்கு நினைவில் நிற்க, தீபம் முடிந்து வெளியூர்க் கூட்டம் கலைந்த வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை இல்லாத நாளாகப் பாருங்கள். அதற்குச் சில நாள் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். பங்குனியில் மொட்டு வரும். முல்லைக்கு ஜனவரி கடைசி, அதாவது இப்போது.

செம்பருத்தி: இது இலைக் கக்கத்தில் பூப்பது, பூ ஒரு நாள்தான். தை கடைசியில் மூன்றில் ஒரு பங்கு வெட்டலாம். நுனி சுருண்டு வெள்ளையாக மாவு மாதிரி இருந்தால் மாவுப்பூச்சி. அந்த நுனியை வெட்டிப் பையில் போட்டுக் கட்டி அப்புறப்படுத்துங்கள். செடிக்கடியில் போட்டால் ஏறி வந்துவிடும். பிறகு வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து தெளியுங்கள்.

பவழமல்லி: மார்கழியோடு பூ ஓய்ந்துவிடும். தையில் வெட்டினால் அடுத்த மழைக்காலத்துப் பூவுக்குப் புதுக் கிளை தயாராகும்.

காகிதப்பூ: கலர் கலராகத் தெரிவது பூவே இல்லை, இலைதான். உள்ளே இருக்கிற சின்ன வெள்ளைக் குழல்தான் பூ. ஒரு சுற்றுப் பூத்து உதிர்ந்தவுடன் வெட்டுங்கள். பிறகு தண்ணீரைக் குறையுங்கள். தினமும் தண்ணீர் விட்டால் தழைக்கும், பூக்காது. 'சி' பிளாக்கில் பால்கனியில் பூக்கவில்லை என்று கேட்ட மேடத்துக்கு இதுதான் பதில். கொஞ்சம் பட்டினி போடுங்கள்.

நந்தியாவட்டை: எப்படி வெட்டினாலும் கோபித்துக்கொள்ளாத செடி. பால் வடியும், கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரளி: இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். இலை, பூ, தண்டு, வேர் எல்லாமே விஷம். 2024 மே மாதம் கேரளாவில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு, நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ வேண்டாம் என்று முடிவெடுத்தது. நெடுஞ்சாலை நடுவில் அதை வைப்பதே ஆடு மாடு கடிக்காது என்பதால்தான். ஆனால் பச்சையாகச் செடியில் இருக்கும்போது ஒதுங்குகிற மாடு, வெட்டி வாடின தழை மற்ற புல்லோடு கலந்து கிடந்தால் தின்றுவிடும். நம் தெருவில் எத்தனை மாடு சுற்றுகிறது என்று உங்களுக்குத் தெரியும். தயவுசெய்து அரளித் தழையை மதிலுக்கு வெளியே வீசாதீர்கள். எரிக்கவும் கூடாது, புகையும் கெடுதல். கையுறை போட்டு வெட்டி, தனியாகக் கட்டிக் கொடுங்கள். குழந்தைகள் விளையாடும் பக்கம் இருக்கிற இரண்டு அரளியை எடுத்துவிடலாம் என்பது என் கருத்து. வேலியைக் காப்பாற்றப் பேசுகிறவன் என்பதற்காக எல்லாச் செடிக்கும் வக்காலத்து வாங்க மாட்டேன்.

பங்குனியிலிருந்து வைகாசி வரைக்கும் எதையும் ஆழமாக வெட்ட வேண்டாம். திடீரென்று வெயில் பட்டால் உள்தண்டு வெந்துவிடும். இலைதான் அதற்குக் குடை. ஆடியில் நாலு தூறல் விழுந்த பிறகு லேசாக ஒரு சுற்று வெட்டலாம். ஆக, வருஷத்துக்கு இரண்டு கவாத்து. பன்னிரண்டு இல்லை.

என் வேண்டுகோள்

டூ வீலர் பிரச்சினை பொய் இல்லை. எட்டு வண்டி தெருவில் நிற்கிறது. போன மழையில் ஒரு வீட்டார் ஸ்கூட்டர் இரண்டு நாள் தண்ணீரில் நின்று என்ன செலவு வைத்தது என்று எனக்குத் தெரியும். கிழக்குக் கோடியில் பன்னிரண்டு அடி வேலி உள்ளே முழுக்கச் செத்துவிட்டது. அதைப் பிழைக்க வைக்க முடியும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அந்தப் பன்னிரண்டு அடியை எடுத்துக்கொள்ளுங்கள், நெருக்கி நிறுத்தினால் ஐந்து வண்டி நிற்கும். மிச்சம் இருபத்தெட்டு அடியை அடுத்த தீபம் வரைக்கும் விட்டு வையுங்கள். மெஷின் ஒப்பந்தத்தை நிறுத்துங்கள். அந்தப் பணத்தில் தோட்டத்து அம்மாவுக்குத் திரும்பவும் முழு நாள் வேலை கொடுங்கள். அடுத்த தீபத்துக்கு அந்த வேலியில் பூ இல்லையென்றால், அடுத்த கூட்டத்தில் பேவர் பிளாக்குக்கு முதல் கை என்னுடையது.

கேள்வி நேரம்

*வாட்ஸ்அப்பில் வினிகர் ஊற்றினால் மண் புளிப்பாகும் என்று வந்ததே?*

ஊற்ற வேண்டாம். சிமெண்ட்டுக் கட்டி உள்ளே இருக்கிற வரைக்கும் வினிகரின் புளிப்பை அது தின்றுவிடும். நடுவில் மண்ணில் இருக்கிற உயிர்கள்தான் சாகும். கட்டியைப் பொறுக்கி, மக்கின உரம் போடுவதுதான் நிரந்தரம். காபிச் சக்கையை நேரடியாகக் குவிக்காமல், மக்கும் தொட்டியில் சேருங்கள்.

*புதர் இருந்தால் பாம்பு வராதா? மலைப் பக்கம் அல்லவா நாம் இருக்கிறோம்?*

நியாயமான பயம். பாம்பு வருவது பூவுக்காக இல்லை, எலிக்கும் ஒளிய இடத்துக்கும். தரையிலிருந்து முக்கால் அடி வரை கீழ்க்கிளைகளை எடுத்துவிட்டால் அடியில் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். மூடாக்கையும் மெலிதாக, இரண்டு அங்குலத்துக்கு மேல் போகாமல் போடுவோம். வேலி ஓரம் சாப்பாட்டுக் குப்பை போடாமல் இருப்பது அதைவிட முக்கியம்.

*காலையில் நடக்கப் போகிறவர்கள் பூவையெல்லாம் பறித்துவிடுகிறார்களே?*

பூஜைக்குத்தான் பறிக்கிறார்கள், சண்டை போட மனசு வரவில்லை. நந்தியாவட்டையும் செம்பருத்தியும் மதில் பக்கம் இருக்கட்டும், தாராளமாகப் பறிக்கட்டும். தினமும் புதிதாக வருகிற பூ. இட்லிப்பூக் கொத்து செடியிலேயே பல வாரம் நிற்கும். அதை மட்டும் விட்டு வையுங்கள் என்று ஒரு பலகை எழுதி வைக்கலாம். பலகையில் 'கூடாது' என்ற சொல் வேண்டாம்.

*வெட்டுவதே செடிக்கு வலிக்காதா? ஆசிரமத்துக் கதை ஒன்று இருக்கிறதே?*

இருக்கிறது. எச்சம்மாள் லட்சம் இலையால் அர்ச்சனை செய்வதாக வேண்டிக்கொண்டு, கோடையில் பாதியில் இலை கிடைக்காமல் பகவானிடம் போய்க் கேட்டார். இலை இல்லாவிட்டால் உன் உடம்பைக் கிள்ளிப் பூஜை செய்யேன் என்ற பொருளில் பகவான் சொன்னதாக சூரி நாகம்மா தன் கடிதங்களில் எழுதியிருக்கிறார். எனக்கு வலிக்குமே என்றால், செடிக்கு மட்டும் வலிக்காதா என்பது அதன் உட்பொருள். அதற்குப் பதில் சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் ஒன்று தெரியும். மாதா மாதம் மெஷின் ஓடினபோது நாம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கையில் கத்தரியைப் பிடித்து, இந்தக் கிளை வேண்டுமா வேண்டாமா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கும்போதுதான் கேள்வியே வருகிறது. வருஷத்துக்கு இரண்டு தடவை, தேவையான மட்டும், காய்ந்ததை முதலில். அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை அம்மா.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறும் முன், பம்ப் ரூம் பக்கம் நானும் தோட்டத்து அம்மாவும் இருப்போம். கத்தரி இருந்தால் எடுத்து வாருங்கள், இல்லாவிட்டாலும் வாருங்கள். எங்கே வெட்டுவது என்று நான் சொல்வதை விட அவர் நன்றாகச் சொல்வார்.



(கூட்ட முடிவு: கிழக்குக் கோடியில் பன்னிரண்டு அடி மட்டும் வாகன நிறுத்தத்துக்கு ஒதுக்கப்படும். மீதி வேலி பற்றிய தீர்மானம் அடுத்த கார்த்திகை தீபத்துக்குப் பிறகு வரும் கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. மாதாந்திர ட்ரிம்மிங் ஒப்பந்தம் நிறுத்தப்படுகிறது. தோட்டப் பணியாளருக்கு மாசி முதல் முழு நாள் வேலை. ஏ.சி. தண்ணீர் பிடித்துத் தர விரும்பும் வீட்டார் தங்கள் பிளாக் பொறுப்பாளரிடம் பெயர் கொடுக்கலாம்.)